தேய்மானத்தை ஒத்துக்கிற வாட்ச்தான் நல்ல வாட்ச்

இன்ஸ்டாவில் அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். வாட்ச்சைத் திருப்பிக் காட்டுவாங்க. பின்பக்கக் கண்ணாடி வழியா அரைவட்டத் தகடு ஒண்ணு சர்ருன்னு சுத்தும். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம், கை அசைஞ்சா போதும், ஓடும். கீழே ஆயிரம் பேர் ‘இன்ஜினியரிங் மார்வெல்’னு எழுதியிருப்பாங்க. விலையைப் பார்த்தா நாலு வருஷ ஃபீஸையும் ஹாஸ்டல் ஃபீஸையும் சேர்த்தாலும் எட்டாது.

மார்வெல்தான், மறுக்கலை. ஆனா அந்த மார்வெல் எங்கே இருக்குன்னு கேட்டா பலரும் டயலைக் காட்டுறாங்க, தங்கத்தைக் காட்டுறாங்க, பிராண்ட் பேரைக் காட்டுறாங்க. மெஷின் டிசைனும் ட்ரைபாலஜியும் படிக்கிற நாம காட்ட வேண்டிய இடம் வேற. அந்தத் தகடு எதன் மேல் உட்கார்ந்து சுத்துது? அதன் அசைவு எந்த வழியா ஸ்பிரிங்குக்குப் போகுது? முக்கியமா, அந்த இடம் தேய்ஞ்சா என்ன ஆகும், யார் மாத்துவாங்க? ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் நல்ல மெஷினா இல்லையான்னு இந்த மூணு கேள்வியை வச்சுதான் முடிவு பண்ணணும் என்பது என் கட்சி. விலையை வச்சு இல்லை.

முதல்ல கணக்கைப் போடுவோம்

வாட்ச்சுக்குள்ளே ஒரு சின்ன டப்பா. அதுக்குப் பேரல்னு பேர். அதுக்குள்ளே சுருண்டு கிடப்பது மெயின்ஸ்பிரிங். அதன் சராசரி முறுக்குவிசை 8 நியூட்டன் மில்லிமீட்டர்னும், முழுசா இறுக்க 7 சுற்று வேணும்னும் வச்சுக்குவோம். 0.008 × 7 × 6.28 போட்டா சுமார் 0.35 ஜூல் வரும். 100 கிராம் சோப்புக் கட்டியை 35 சென்டிமீட்டர் தூக்கும் வேலை, அவ்வளவுதான். இதை வச்சு வாட்ச் 40 மணி நேரம் ஓடணும். அதாவது அது சாப்பிடும் பவர் சுமார் 2.4 மைக்ரோவாட். ஒரு வாட் எல்.இ.டி. பல்ப் ஒண்ணு இந்த ஆற்றலில் அரை வினாடிகூட எரியாது.

இப்போ வரவுப் பக்கம். ரோட்டர் எனும் அந்தத் தகடு 4 கிராம், அதன் எடை மையம் அச்சிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு எடுத்துக்குவோம். மேலிருந்து கீழே ஒரு தடவை விழுந்தா கிடைப்பது 0.47 மில்லிஜூல். எந்த இழப்பும் இல்லாம எல்லாமே ஸ்பிரிங்குக்குப் போனாலும், அதை நிரப்ப கிட்டத்தட்ட 750 தடவை விழணும். அந்த எடையால் வரக்கூடிய அதிகபட்ச முறுக்குவிசையோ 0.24 நியூட்டன் மில்லிமீட்டர். ஸ்பிரிங் கேட்பதில் முப்பதில் ஒரு பங்குக்கும் கம்மி. அதனாலதான் நடுவில் இத்தனை பல்சக்கரம். ரோட்டர் நூறு தடவைக்கு மேல் சுத்தினால்தான் பேரலின் அச்சு ஒரு சுற்று சுத்தும்.

நிரம்பின பிறகும் ரோட்டர் சுத்திக்கிட்டே இருந்தா ஸ்பிரிங் அறுந்துடாதான்னு கேட்பீங்க. அறாது. ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரல் சுவரில் பூட்டப்படாம, உரசிக்கிட்டு மட்டும் நிற்கும். அளவுக்கு மேல் இறுகினா வழுக்கிவிடும். இந்த வழுக்கும் ஸ்பிரிங்குக்கு அட்ரியன் பிலிப் 1863-லேயே காப்புரிமை வாங்கிட்டார். பட்டேக் பிலிப் கம்பெனிப் பேரின் ரெண்டாவது பாதி அவருடையதுதான்.

இவ்வளவு கம்மியான வரவில் ஓடுற மெஷினில் ஒவ்வொரு உராய்வும் நேரா லாபத்திலிருந்து கழியும். அதனால்தான் பேரிங் இங்கே கதாநாயகன்.

ரோட்டர் எதன் மேல் நிற்குது?

கைக்கடிகாரத்தில் இதை விற்பனைக்குரிய பொருளா முதலில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹார்வுட். சுவிட்சர்லாந்து காப்புரிமை 1924. அவருடைய எடைத்துண்டு முழு வட்டம் சுத்தாது. சுமார் 130 டிகிரிக்குள் ஊசலாடி, ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். 1931-ல் ரோலெக்ஸ் 360 டிகிரியும் சுத்தும் ரோட்டரைக் கொண்டுவந்தது. இன்னிக்கு நாம பார்க்கும் வடிவம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனா ரோட்டரை ஒரு மெல்லிய அச்சில் மாட்டினா வரும் தலைவலியைக் கவனிங்க. உராய்வுதான் பிரச்சினைன்னு நாம உடனே சொல்வோம். கணக்கு வேற சொல்லுது. ரோட்டரின் எடை 0.04 நியூட்டன், உராய்வுக் குணகம் 0.15, அச்சின் ஆரம் அரை மில்லிமீட்டர்னு போட்டா உராய்வு முறுக்குவிசை 0.003 நியூட்டன் மில்லிமீட்டர். கிடைக்கும் 0.24-ல் ஒரு சதவீதம் மட்டுமே. இதுக்குப் போய் யார் பால் பேரிங் செய்வாங்க?

உண்மையான வில்லன், எடை ஒரு பக்கமா இருப்பதுதான். வாட்ச்சைப் படுக்க வச்சா, 6 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் எடை அந்த அச்சைச் சாய்க்கப் பார்க்கும். அச்சைப் பிடிச்சிருக்கும் ரெண்டு இடத்துக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான் என்றால், ஒவ்வொரு முனையிலும் ரோட்டரின் எடையைப்போல 6 மடங்கு விசை அழுத்தும். அதுவும் பரவலா இல்லை, ஓர் ஓரத்தில். உராய்வு இப்போ 15 சதவீதத்தைத் தொடும். அந்த ஓரம் தேயும், துளை நீள்வட்டமாகும், ரோட்டர் ஆடும், கடைசியில் பின்மூடியில் உரசும்.

அடுத்தது அடி. அதிர்ச்சி தாங்கும் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 1413 சோதனை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடினமான மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடியைக் கொடுக்கும். அந்தக் கணத்தில் புவியீர்ப்பைப்போல 3000 மடங்கு முடுக்கம்னு வச்சா, 4 கிராம் ரோட்டர் 12 கிலோ மாதிரி நடந்துக்கும். ஊசி மாதிரி அச்சு அதைத் தாங்கணும்.

இதுக்குத் தீர்வு 1948-ல் எட்டர்னா கம்பெனி கொடுத்தது. ரோட்டரின் நடுவில் ஐந்து எஃகுக் குண்டு வச்ச பால் பேரிங். சைக்கிள் கடையில ‘பால்ரஸ்’னு சொல்வாங்களே, அதே சங்கதிதான். ஆனா ஒவ்வொரு குண்டின் விட்டம் 0.65 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு குண்டு சுமார் ஒரு மில்லிகிராம்தான் வரும். எட்டர்னாவின் சின்னத்தில் இருக்கும் அஞ்சு புள்ளியும் இந்தக் குண்டுகள்தான். ஒரு கம்பெனி தன் பேரிங்கையே லோகோவா வச்சிருக்குன்னா எனக்கு அது மேல தனி மரியாதை.

இந்த பேரிங்கின் பெரிய உதவி, சுமையை ஒரு மெல்லிய முனையில் ஏத்தாம அகலமான வட்டத்தில் பரப்புவது. அதனால் ரோட்டர் சாயாது, அடி பட்டாலும் பேரிங் தாங்கும், மொத்த உயரமும் குறையும். ‘பால் பேரிங் என்றால் உராய்வு குறைவு’னு பரிட்சையில் ஒரு வரி எழுதி ரெண்டு மார்க் வாங்குறோம். எந்தச் சுமைக்கு, எந்தத் திசைக்கு, எந்த வேகத்துக்குன்னு கேட்டாதான் அது இன்ஜினியரிங். அதே வாட்ச்சில் வினாடிக்குப் பல தடவை ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு பால் பேரிங் கிடையாது. அங்கே அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான், அது கல்லுக்குள் சுத்தும். ஆரம் அவ்வளவு சின்னதா இருந்தா சாதா பேரிங்கே ஜெயிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஸ்ட்ரைபெக் வளைகோடு ஞாபகம் இருக்கா? வேகம் ஏறினால்தான் எண்ணெய்ப் படலம் உருவாகி உலோகத்தைப் பிரிக்கும். ரோட்டரோ இந்தப் பக்கம் கால் சுத்து, அந்தப் பக்கம் அரைச் சுத்துன்னு தயங்கித் தயங்கிப் போகும். படலம் எங்கே உருவாகும்? குண்டும் பாதையும் நேரடியா உரசுற காலம்தான் அதிகம். எண்ணெய் காய்ஞ்சா தேய்மானப் பொடி உள்ளேயே சுத்தும். இதனால்தான் ஜெஜர்-லெகூல்த்ரு 2004-ல் தன் ஆட்டோமேட்டிக் மூவ்மெண்டில் எண்ணெயே தேவைப்படாத செராமிக் குண்டுகளுக்குப் போச்சு.

ரோலெக்ஸின் கதை இன்னும் சுவாரசியம். 1988-ல் வந்த அதன் புகழ்பெற்ற 3135 மூவ்மெண்டில் ரோட்டர் கல்லில் சுத்தும் அச்சில்தான் நின்றது. 2015-ல் வந்த 3235-ல் பால் பேரிங். எட்டர்னா 1948-ல் எட்டின இடம் அது! நடுவில் வந்த அச்சு வாட்ச்கள் மோசமா ஓடலை, பிரமாதமா ஓடின. அச்சு தேய்ஞ்சா மாத்திக்கலாம் என்பதுதான் காரணம். இந்த ‘மாத்திக்கலாம்’ங்கிற வார்த்தையைப் பத்திரமா வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

ரெண்டு பக்கமும் சுத்தினா?

கை எந்தப் பக்கமும் அசையும். ஸ்பிரிங்கை ஒரே பக்கம்தான் இறுக்க முடியும். இந்த முரணுக்குப் பல விடைகள் வந்திருக்கு.

முதல் விடை, ஒரு பக்கத்தை விட்டுடு. வல்ஷூ 7750 மூவ்மெண்டின் ரோட்டர் ஒரு பக்கம் சுத்தும்போது மட்டும் இறுக்கும், மறுபக்கம் சும்மா ஓடும். சும்மா ஓடும்போது கையில் ஓர் அதிர்வு தெரியும். பலர் பழுதுன்னு பயப்படுவாங்க, அது டிசைன்.

ரெண்டாவது, திருப்பும் சக்கரங்கள். இ.டி.ஏ. 2824 மாதிரி மூவ்மெண்ட்களில் உள்ளுக்குள் குட்டிக் கொக்கிகள் வச்ச ரெண்டு சக்கரம் இருக்கும். ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும். நல்ல யோசனைதான், ஆனா எண்ணெய் விஷயத்தில் ரொம்ப நாசூக்கு. அதிகமா விட்டா கொக்கி ஒட்டிக்கும், விடாம விட்டா தேயும்.

மூணாவது, ஐ.டபிள்யூ.சி.யின் ஆல்பர்ட் பெல்லட்டன் 1940-களில் உருவாக்கினது. ரோட்டரின் அச்சில் இதய வடிவக் கேம். அது ஒரு சட்டத்தை முன்னும் பின்னும் ஆட்டும். சட்டத்தில் ரெண்டு கொக்கி. ஒன்று இழுக்கும்போது மற்றது பல்லின் மேல் வழுக்கும். ரோட்டர் எந்தப் பக்கம் சுத்தினாலும் சட்டம் ஆடத்தானே செய்யும்! சின்ன அசைவுகூட வீணாகாது. இப்போதைய பதிப்புகளில் தேயும் பாகங்களை செராமிக்கில் செய்யுறாங்க.

நாலாவது, எனக்குப் பிடிச்சது. 1959-ல் ஜப்பானின் செய்கோ கொண்டுவந்த மேஜிக் லீவர். ரோட்டர் ஒரு சக்கரத்தைச் சுத்தும். அந்தச் சக்கரத்தில் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு முளை. முளையில் மாட்டின, ரெண்டு கை உள்ள ஒரே தகடு. சக்கரம் எந்தப் பக்கம் போனாலும் தகடு முன்பின் ஆடும். ஒரு கை பல்சக்கரத்தைத் தள்ளும், மறு கை இழுக்கும். தத்துவம் பெல்லட்டனுடையதுக்குச் சொந்தம்தான். ஆனா பாகங்கள் மிகக் குறைவு, தகட்டிலேயே அடிச்சு எடுத்துடலாம். லட்சக்கணக்கில் விற்ற செய்கோ 5 வாட்ச்களை இறுக்கினது இதுதான்.

பெல்லட்டன் முறை வாட்ச் பல லட்ச ரூபாய். மேஜிக் லீவர் வாட்ச் ஒரு நடுத்தர மொபைல் விலைக்குக் கீழே கிடைக்கும். கை அசைவை ஸ்பிரிங்கில் சேர்க்கும் வேலையில் இந்த விலை வித்தியாசத்துக்கு நியாயம் சொல்லவே முடியாது. அந்தப் பணம் மெருகுக்கு, துல்லியத்துக்கு, பேருக்கு. கொடுக்கிறவங்க கொடுக்கட்டும், தப்பில்லை. ‘இன்ஜினியரிங்குக்காகக் கொடுத்தேன்’னு மட்டும் சொல்ல வேண்டாம்.

கல்லை எண்ணி ஏமாறாதீங்க

டயலில் ‘21 ஜூவல்ஸ்’, ‘25 ஜூவல்ஸ்’னு போட்டிருக்கும். நகைக்கல்னு நினைக்கிறவங்க இன்னும் உண்டு. அது பேரிங். கல்லில் துளையிட்டு அச்சைச் சுத்த விடும் முறைக்கு லண்டனில் 1704-லேயே காப்புரிமை வாங்கினாங்க. 1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூயி தீச்சுடரில் அலுமினியம் ஆக்சைடை உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவிச்ச பிறகு கல் மலிவாச்சு. மோஸ் கடினத்தன்மை 9, நல்லா மெருகேறும், துரு கிடையாது. பேரிங்குக்கு வேற என்ன வேணும்?

மலிவானதும் விளம்பரக்காரங்க கையில் சிக்கிச்சு. எண்ணிக்கை ஏறினா தரம் ஏறும்னு ஜனங்க நம்பவும், 1960-களில் நூறு கல் போட்ட வாட்ச்கள்கூட வந்தன. பல கற்களுக்கு வேலையே இல்லை, சும்மா பதிச்சு வச்சாங்க. கடைசியில் 1974-ல் ஐ.எஸ்.ஓ. 1112 தரநிலை வந்து, வேலை செய்யும் கல்லை மட்டும்தான் எண்ணணும்னு கோடு போட்டது. கேமரா மெகாபிக்சல் எண்ணுற நம்ம காலத்துக்கு இதில் பாடம் இருக்கு.

தேய்ஞ்சா யார் மாத்துவாங்க?

இப்போ அந்த ‘மாத்திக்கலாம்’. உரசுற எதுவும் தேயும். ரோட்டர் பேரிங், திருப்பும் சக்கரம், கொக்கி எல்லாம் தேயும் பாகங்கள். பைக்கின் பிரேக் ஷூ மாதிரி. இதில் வெட்கம் ஒண்ணும் இல்லை. ‘தலைமுறைக்கும் வரும்’னு விளம்பரம் செய்யுற பொருளில், தேயும் பாகத்தைக் கம்பெனி தன் கைப்பிடிக்குள்ளேயே வச்சுக்குதே, அங்கேதான் எனக்குச் சண்டை.

விலை உயர்ந்த பல பிராண்டுகள் உதிரி பாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற இடங்களுக்குத் தவிர வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை. ஐரோப்பாவின் வாட்ச் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு இதை எதிர்த்து 2004-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2008-ல் ஆணையம் தள்ளுபடி செஞ்சது. 2010-ல் நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செஞ்சது. ஆணையம் திரும்ப விசாரிச்சு 2014-ல் மறுபடி தள்ளுபடி. 2017-ல் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கம் நின்றது. பதிமூணு வருஷம் போராடியும் பாகம் கிடைக்கலை.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கு. போலி வாட்ச்களில் அசல் பாகம் போய்ச் சேரும்னு பயப்படுறாங்க. பயிற்சி இல்லாதவர் திறந்தா கெட்டுப்போகும்னு சொல்றாங்க. பட்டேக் பிலிப் 1839 முதல் தான் செய்த எந்த வாட்ச்சையும் சரிசெய்து தருவதாச் சொல்லுது, அது சாதாரணப் பொறுப்பில்லை. ஆனா இதே வாதங்களை ட்ராக்டர் கம்பெனியும் மொபைல் கம்பெனியும் சொன்னாங்க. பயிற்சிதான் குறைன்னா பயிற்சி கொடுங்க, சான்றிதழ் கொடுங்க. கதவைப் பூட்டி வைக்கறது தீர்வில்லை.

‘மலிவு வாட்ச்சை யார் ரிப்பேர் பண்றாங்க, மூவ்மெண்டையே தூக்கிப் போட்டு வேற வைக்கிறாங்களே’ன்னு நீங்க திருப்பிக் கேட்கலாம். சரியான கேள்வி. அதுவும் வீணடிப்புதான். ஆனா அந்த மூவ்மெண்டை யார் வேணும்னாலும் வாங்கலாம், யார் வேணும்னாலும் மாட்டலாம். வாங்கினவர் கையில் முடிவு இருக்கு.

நம்ம வீடுகளிலேயே சாட்சி இருக்கு. தாத்தாவின் எச்.எம்.டி.யை எடுத்துப் பாருங்க. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கின வாட்ச் தொழில் அது. காஞ்சன் மாதிரி ஆட்டோமேட்டிக் மாடல்களும் செஞ்சாங்க. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும் பஜார் தெருவில் கண்ணில் லூப் மாட்டின ஒரு பெரியவர், பழைய வாட்ச்சிலிருந்து கழற்றின பாகத்தை வச்சு அதை ஓட வைப்பார். கம்பெனி போனாலும் வாட்ச் ஓடுது. பூட்டு போடாததால்தான் ஓடுது.

நம்ம நாட்டில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கினாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம்னு நாலு துறை. வாட்ச் தனித் துறையா அந்த நாலில் இல்லை. சின்னப் பொருள்தானேன்னு விடலாம். ஆனா நாளைக்கு இ.வி. மோட்டாரும் ட்ரோனும் மருத்துவக் கருவியும் டிசைன் பண்ணப் போறது நாம. ‘இந்த பேரிங் தேயும், இதை இப்படிக் கழற்று, இந்த நம்பரில் கிடைக்கும்’னு எழுதி வைக்கிறதும் டிசைனில் சேர்த்திதான். அதை மறைச்சு சீல் வைக்க நாளைக்கு ஒரு மேனேஜர் நம்மகிட்டயும் சொல்லக்கூடும். என்ன பதில் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வைக்கலாம்.

அடுத்த தடவை யாராவது ஆட்டோமேட்டிக் வாட்ச்சை நீட்டிப் பெருமைப்பட்டா, விலை கேட்காதீங்க. ரோட்டர் குண்டில் நிற்குதா அச்சில் நிற்குதா, ஒரு பக்கம் இறுக்குதா ரெண்டு பக்கமுமான்னு கேளுங்க. ரோட்டர் ஆடி உரசுற சத்தம் வருதான்னு காதில் வச்சுப் பாருங்க. பின்மூடியின் உட்புறம் வட்டமாக் கீறல் இருந்தா பேரிங் தேய்ஞ்சாச்சுன்னு சொல்லுங்க. கூடவே இன்னொண்ணும் கேளுங்க: ‘இந்த பேரிங் போச்சுன்னா, நம்ம ஊர் வாட்ச் கடைக்காரரால் ஒண்ணு வாங்கிப் போட முடியுமா?’